நாவல் மரமும் ஆப்பிள் மரமும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு வாத்தியாரின் கதை. அமெரிக்க வாத்தியார். கடல் கடந்து போய் அந்நிய தேசத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். "அமெரிக்க வாத்தியாருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மில்லிலே எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறோம், வயலிலே குனிந்த முதுகு இன்னும் நிமிரவில்லை" என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் இந்த வாத்தியாரும் உங்களைப் போல முதுகு ஒடிந்தவர்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்த பிறகுதான் உயர்நிலைப் பள்ளியின் வாசற்படியை மிதித்தார். அப்போது அவருக்கு வயது இருபது!

அவர் பெயர் கார்ட்டர் ஜி. உட்சன். 1875ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்தவர். தாய் தகப்பன் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலையானவர்கள். அடிமை என்றால் ஏதோ பேச்சுக்குச் சொல்வதல்ல. மாட்டைப் போலவும் வண்டியைப் போலவும் விலை பேசி விற்கப்பட்டவர்கள். தகப்பனார் தச்சு வேலையும் விவசாயமும் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பையன் பத்திரிகை படித்துக் காட்டுவான், தகப்பன் கேட்பார். பள்ளிக்கூடமோ வருஷத்தில் நாலைந்து மாதந்தான் நடக்கும், அதற்கும் விவசாய வேலை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போக முடியும். விதைப்பும் அறுப்பும் வந்தால் சிலேட்டை மூலையில் வைத்துவிட வேண்டியதுதான். இது எப்படிப்பட்ட படிப்பு என்று இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறகு மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தார். ரயில் பாதை போடும் வேலை. அதன் பின் சுரங்க வேலை. அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு கறுப்பினத் தொழிலாளி இருந்தார். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டு யுத்தத்தில் சண்டையிட்டவர். அவருக்கும் எழுத்து தெரியாது. ஆனால் தம் வீட்டையே சுரங்கத் தொழிலாளர்கள் கூடும் இடமாக ஆக்கி வைத்திருந்தார். வேலை முடிந்து கரிமுகத்தோடு வருகிறவர்கள் அங்கே உட்காருவார்கள், ஏதாவது வாங்கித் தின்பார்கள், பேசுவார்கள். கறுப்பின மக்களைப் பற்றிய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஜோன்ஸ் வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். இளைஞன் உட்சனுக்குப் படிக்கத் தெரியும் என்று அறிந்ததும் ஓர் ஏற்பாடு செய்தார்: நீ எங்களுக்குப் படித்துக் காட்டு, தின்பதற்குக் காசு வேண்டாம்! டீக்கடை பெஞ்சில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அதே காட்சிதான். விலைவாசி, வரி, தேர்தல், யுத்தம் எல்லாம் அங்கே அலசப்பட்டன. தம் ஜனங்களின் சரித்திரத்தில் தமக்கிருந்த ஆர்வம் அங்கே ஆழமாயிற்று என்று பிற்காலத்தில் உட்சன் எழுதினார்.

1895இல் ஹண்டிங்டன் நகரத்து டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மற்றவர்கள் நாலு வருஷம் படிப்பதை இரண்டு வருஷத்துக்குள் முடித்தார். சுரங்கப் பகுதிப் பிள்ளைகளுக்கு வாத்தியாரானார். பிறகு தாம் படித்த அதே பள்ளிக்கே தலைமையாசிரியரானார். நடுநடுவே கெண்டக்கி மாகாணத்திலுள்ள பெரியா கல்லூரியில் படித்து 1903இல் பட்டம் பெற்றார். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்த கல்லூரி அது. தென்பகுதியில் அப்படி ஓர் இடம் இருந்ததே அதிசயம்.

அந்த வருஷம்தான் அவருக்குக் கடல் கடந்த வேலை கிடைத்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. மாதம் நூறு டாலர் சம்பளம். ஒரு கறுப்பின இளைஞனுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

தோழர்களே! இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அமெரிக்க சர்க்கார் ஏன் நூறு டாலர் கொடுக்கிறது? தன் சொந்த நாட்டில், உட்சன் பிறந்த கிராமத்தில், வருஷம் முழுதும் பள்ளிக்கூடம் நடத்த வக்கில்லாத சர்க்கார் பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் போய்க் கல்விக் கண்ணைத் திறக்கிறதாம்!

நடந்தது இதுதான். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஸ்பெயின் தேசத்திடம் அடிமைப்பட்டுக் கிடந்த பிலிப்பினோ மக்கள் 1896இல் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். 1898இல் ஸ்பெயினோடு யுத்தம் தொடுத்த அமெரிக்கா நண்பன் வேஷத்தில் வந்தது. அந்த வருஷ டிசம்பரில் பாரிஸில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதி, 2 கோடி டாலரை ஸ்பெயினுக்குக் கொடுத்துத் தீவுகளைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. நிலத்தில் குடியிருக்கிறவனைக் கேட்காமலே இரண்டு மிராசுதார்கள் கிரயப் பத்திரம் எழுதிக்கொள்வதில்லையா, அதுபோலத்தான். பிலிப்பினோ மக்கள் இதை ஏற்கவில்லை. சொந்தக் குடியரசைப் பிரகடனம் செய்திருந்தார்கள். 1899 பிப்ரவரியில் யுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்துவிட்டது என்று 1902 ஜூலை 4இல் அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தபோது இருபதாயிரத்துக்கும் அதிகமான பிலிப்பினோ வீரர்கள் மாண்டிருந்தார்கள். சண்டையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் மடிந்த சாதாரண ஜனங்கள் இரண்டு லட்சம் பேர் வரை இருக்கும் என்று அமெரிக்க சர்க்காரின் சரித்திர இலாகாவே எழுதி வைத்திருக்கிறது.

யுத்தம் நடக்கும்போதே பள்ளிக்கூடமும் திறக்கப்பட்டது. பல ஊர்களில் முதல் வாத்தியார்கள் பட்டாளத்துச் சிப்பாய்களே! 1901 ஜனவரியில் சட்டம் போட்டார்கள். இலவசக் கல்வி, ஆனால் பாஷை இங்கிலீஷ், அமெரிக்காவிலிருந்து ஆயிரம் வாத்தியார்களைத் தருவிப்பது என்பது சட்டத்தின் சாரம். அவ்வாண்டு ஆகஸ்டில் 'தாமஸ்' என்ற ராணுவக் கப்பல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண், பெண் வாத்தியார்களை மணிலாவில் இறக்கியது. அந்தக் கப்பலின் பெயராலேயே அவர்களை "தாமஸைட்" என்று இன்றும் சொல்கிறார்கள்.

அவர்களெல்லாம் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகும். காலரா பரவிய கிராமங்களில் கூரைக் கொட்டகையில் பாடம் நடத்தினார்கள். நோயில் விழுந்து அங்கேயே இறந்தவர்களும் உண்டு. நல்ல மனசோடு வந்தவர்கள் அநேகம். ஆனால் அனுப்பியவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. பீரங்கியால் ஊரைப் பிடிக்கலாம், பிடித்ததை வைத்துக்கொள்ளப் புத்தகம் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் படையில் கறுப்பின வாத்தியார்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவராகத்தான் 1903 முடிவில் உட்சன் மணிலாவில் இறங்கினார். அவரை அனுப்பிய ஊர் சான் இசித்ரோ. நுவேவா எசிகா மாகாணத்தில், மத்திய லூசோன் சமவெளியில் இருக்கிற நெல் விளையும் சீமை. நிலம் பெரிய பண்ணைகளுக்குச் சொந்தம். உழுகிறவர்கள் "கசாமா" என்ற வாரக் குடிகள். விளைந்ததில் பங்கு, விதைக்குக் கடன், சாப்பாட்டுக்குக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி, வட்டிக்கும் வட்டி. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோழர்கள் தலையாட்டுவது தெரிகிறது. ஆமாம், அதே நோய்தான்.

அந்த மாகாணத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. உட்சன் வருவதற்கு நாலு வருஷத்துக்கு முன் 24ஆவது காலாட்படை என்ற கறுப்பினச் சிப்பாய்ப் படை அங்கே முகாமிட்டிருந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் தங்களை எந்த இழிசொல்லால் ஏசுவார்களோ அதே சொல்லால் பிலிப்பினோக்களையும் ஏசுவதை அந்தக் கறுப்புச் சிப்பாய்கள் காதாரக் கேட்டார்கள். டேவிட் ஃபேகன் என்ற சிப்பாய் 1899 நவம்பரில் படையைவிட்டு ஓடி, பிலிப்பினோக்களோடு சேர்ந்துகொண்டார். அவர்கள் அவரைக் காப்டன் ஆக்கினார்கள். அமெரிக்கத் தளபதிகள் அவர் தலைக்கு 600 டாலர் விலை வைத்தார்கள். 1901 டிசம்பரில் ஒருவன் அழுகிப்போன ஒரு தலையைக் கொண்டுவந்து கொடுத்தான். அது ஃபேகன் தலைதானா என்று இன்றுவரை நிச்சயமாகவில்லை.

உட்சன் ஃபேகனைப் போல் ஓடவில்லை. சர்க்கார் சம்பளம் வாங்கிய வாத்தியார் அவர்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். இங்கிலீஷ், சுகாதாரம், விவசாயம் எல்லாம் கற்பிக்க வேண்டும். ஊர்க்காரர்களோடு பேச முடியாமல் என்ன கற்பிப்பது? சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து தபால் மூலம் ஸ்பானிஷ் பாடம் தருவித்து, பகலில் வாத்தியாராகவும் இரவில் மாணவராகவும் இருந்தார். மாணவர் பாஷையை வாத்தியார் கற்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவரே கற்றார். பிறகு பங்கசினான் மாகாணத்துக்கு மாற்றப்பட்டு, பள்ளிகளை மேற்பார்வை செய்யும் வேலையும் வாத்தியார்களைப் பயிற்றும் வேலையும் பார்த்தார்.

அவர் அங்கே இருக்கும்போதே, 1904இல், கெண்டக்கி சட்டசபை ஒரு சட்டம் போட்டது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் படிப்பது குற்றம்! எந்தக் கல்லூரியைக் குறிவைத்து? அவர் படித்த பெரியா கல்லூரியைத்தான். அப்படி இரு நிறத்தாரும் சேர்ந்து படித்த கல்லூரி அந்த மாகாணத்தில் அது ஒன்றுதான். மனிதர்கள் எல்லாரும் சமம் என்று எந்தத் தேசத்தின் பெயரால் பிலிப்பினோப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாரோ, அந்தத் தேசம் அவருடைய கல்லூரிக் கதவை அவருக்குப் பின்னால் சாத்தித் தாளிட்டது. 1908இல் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமும் "சட்டம் செல்லும்" என்றது.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். 1933இல் உட்சன் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பின மக்களுக்குக் கொடுக்கப்படும் கல்வி எப்படிக் கேடான கல்வியாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதில் பிலிப்பைன்ஸில் கண்டதை இரண்டே பக்கத்தில் சொல்கிறார். ஹார்வர்டு, யேல், கொலம்பியா, சிகாகோ என்று பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் மனோதத்துவமும் போதனாமுறையும் கரைத்துக் குடித்தவர்கள் பலர் வந்தார்களாம். பெரும்பாலோர் தோற்றார்கள். ஏன்? புத்தகத்தில் இருந்த பிள்ளை வேறு. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை வேறு.

அப்போது ஒரு மனிதர் வந்தார். வாத்தியார் வேலையே பார்த்தறியாதவர். இன்ஷூரன்ஸ் தொழிலில் இருந்தவர். அவர் பெயரை உட்சன் சொல்லவில்லை. அவர் ஆரம்பத்தில் புத்தகத்தை அதிகம் தொடவில்லை. பிள்ளைகளைச் சுற்றியிருக்கிற பொருள்களை வகுப்புக்குள் கொண்டுவந்து நிரப்பினார். பாம்பைப் பற்றிப் பாடமா? பாம்பே வகுப்புக்கு வந்தது. முதலையைப் பற்றிப் பாடமா? முதலையும் வந்தது! (முதலை வந்த அன்று எத்தனை பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறினார்கள் என்று உட்சன் எழுதவில்லை, எழுதியிருக்கலாம்.)

பாட்டு வகுப்புக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பாட்டு ஒன்று, ஆப்பிள் மரத்தை உலுக்கிப் பழம் பொறுக்கும் பாட்டு. அந்தப் பிள்ளைகள் ஆப்பிள் மரத்தைக் கண்டதே இல்லை. இந்த மனிதர் ஆப்பிளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் "லோம்போய்" மரத்தைப் போட்டுப் பாடச் சொன்னார். லோம்போய் என்றால் என்ன தெரியுமா? நம் ஊர் நாவல் மரம்! நாக்கு ஊதாவாகும்வரை நாம் பொறுக்கித் தின்ற அதே நாவல் பழம். சிறுவயதில் மரத்தை உலுக்காத பிள்ளை அங்கேயும் இல்லை. வகுப்பு முழுவதும் எப்படிப் பாடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிரிக்கிறீர்கள். நமக்கும் இங்கிலீஷ் எழுத்தை முதன்முதலில் காட்டியது ஆப்பிள்தானே! பழத்தைச் சந்தையில் பார்ப்பதற்குப் பல வருஷம் முந்தியே அதன் படத்துக்குச் சிவப்பு வர்ணம் அடித்தோம்.

வாசிப்புப் பாடத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பொய்யே சொல்லாதவர் என்ற கதை இருந்தது. அந்த மனிதர் அதையும் விட்டுவிட்டு, ஹோசே ரிஸாலின் கதையைச் சொன்னார். ரிஸால் கண் வைத்தியர். ஸ்பெயின் ஆட்சியின் கொடுமைகளை நாவலாக எழுதியவர். 1896 டிசம்பர் 30இல் மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டவர். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் அந்தச் சாவை அறிந்தவர்கள். அதன் பிறகு அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதிய புத்தகங்களில் பெரும்பாலானவை விலக்கப்பட்டு, பிலிப்பினோக்களின் வாழ்க்கையை வைத்தே புதிய பாடப் புத்தகங்கள் எழுதப்பட்டன என்கிறார் உட்சன். பட்டம் பெற்றவர்கள் தோற்ற இடத்தில் இன்ஷூரன்ஸ்காரர் ஜெயித்தார்.

இதுவரை உட்சனோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் அவர் அடுத்து, அமெரிக்கர்கள் அந்த நாட்டில் செய்தவற்றுள் தலைசிறந்தது பள்ளிக்கூட வேலையே என்று பாராட்டுகிறார். இங்கே நாம் கொஞ்சம் தயங்குகிறோம். நாவல் மரத்தைப் பற்றிப் பாடினார்கள், சரி, எந்தப் பாஷையில்? இங்கிலீஷில்! தாய் பேசும் தகாலோகோ இலோகானோவோ வகுப்புக்குள் பாடமொழியாக நுழைய முடியவில்லை. ரிஸாலைச் சொன்னார்கள், சரி. ரிஸால் ஆயுதப் புரட்சியை ஆதரிக்காதவர், அவரைத் தேசிய வீரராக வைப்பதில் அமெரிக்க கவர்னருக்கே ஆட்சேபம் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே 1892இல் ரகசியப் புரட்சிச் சங்கத்தைத் தொடங்கினாரே ஆந்த்ரேஸ் பொனிபாசியோ, அந்தத் தொழிலாளியின் கதை எத்தனை வகுப்பில் சொல்லப்பட்டது? 1907இல், உட்சன் ராஜினாமாச் செய்து கப்பலேறிய அதே வருஷம், பிலிப்பினோக்கள் தங்கள் சொந்தக் கொடியைப் பறக்கவிடுவதே குற்றம் என்று சட்டம் வந்தது. அது 1919 வரை நீடித்தது. பள்ளிக்கூடத்துக் கொடிக் கம்பத்தில் பறந்தது அமெரிக்கக் கொடி.

இந்தக் கேள்விகளைப் பிலிப்பினோக்களே பின்னால் எழுப்பினார்கள். ரெனாத்தோ கான்ஸ்தாந்தினோ என்ற சரித்திராசிரியர் 1966இல் வெளியிட்ட கட்டுரை பிரசித்தமானது. அதன் தலைப்பே உட்சன் புத்தகத்தின் தலைப்பைப் போல இருக்கும். "நீக்ரோ" என்ற இடத்தில் "பிலிப்பினோ" என்று இருக்கும். அந்நிய பாஷையில் படித்தவன் சொந்த ஜனங்களுக்கே அந்நியனானான், அமெரிக்கச் சரக்கை நல்ல சரக்கு என்று நம்பக் கற்றான் என்பது அவர் வாதம். பாஷைச் சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வி 2012ஐ ஒட்டிக் கொண்டுவரப்பட்டது. 2024 அக்டோபரில் புதுச் சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

ஒன்றை மறக்கக் கூடாது. உட்சன் அந்த இரண்டு பக்கத்தை எழுதியது பிலிப்பினோக்களுக்காக அல்ல, தம் ஜனங்களுக்காக. தீவில் கண்ட வைத்தியத்தைச் சொந்த வீட்டு நோய்க்குப் போட்டுப் பார்த்தார். அமெரிக்கக் கறுப்புப் பிள்ளையின் புத்தகத்தில் அவனுடைய ரிஸால் எங்கே? அவனுடைய நாவல் மரம் எங்கே? அவன் பாட்டனார் அடிமையாக இருந்தார் என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. பாட்டனார் எதிர்த்து நின்றதும், தப்பியோடியதும், பட்டாளத்தில் சேர்ந்து சண்டையிட்டதும் இல்லை. "உனக்குச் சரித்திரம் கிடையாது" என்று ஒரு பிள்ளைக்குத் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால், பிறகு அவனைப் பின்வாசல் வழியாகப் போகச் சொல்ல யாரும் தேவையில்லை, தானே போவான் என்று அவர் வாதிட்டார்.

எழுதியதோடு நிற்கவில்லை. 1912இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அதைப் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர்; முதல்வர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். அடிமைகளாயிருந்த பெற்றோரின் பிள்ளை ஹார்வர்டில் அந்தப் பட்டம் பெற்றது அரிதினும் அரிது. 1915இல் சிகாகோவில் கறுப்பின மக்களின் வாழ்வையும் சரித்திரத்தையும் ஆராயும் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் சஞ்சிகை. 1921இல் சொந்தப் புத்தக நிலையம். 1926 பிப்ரவரியில் கறுப்பின சரித்திர வாரம். பள்ளிகளிலும் மாதா கோயில்களிலும் அது பரவிற்று. அதுவே 1976 முதல் மாதம் முழுவதுமாகக் கொண்டாடப்படுகிறது. பெரிய பணக்காரர்களின் தர்ம நிதி நின்றுபோன காலத்தில், வாத்தியார்களும் உழைப்பாளிகளும் அனுப்பிய சிறு சிறு தொகைகள் சங்கத்தைத் தாங்கின.

வாஷிங்டன் நகரில் ஒன்பதாவது தெருவில் ஒரு வீடு வாங்கி, கீழே ஆபீஸ், மேலே படுக்கை என்று வாழ்ந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவர் புத்தகக் கட்டுகளைத் தாமே கட்டி, தாமே தபாலுக்கு எடுத்துச் செல்வார். 1950 ஏப்ரல் 3இல் அந்த வீட்டிலேயே இறந்தார். வீடு இன்று சரித்திரச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது.

நேரமாகிவிட்டது, இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் மணியைப் பார்க்கிறார்கள். பாம்பும் முதலையும் நாவல் மரமும் வருகிற அந்த இரண்டு பக்கங்களை நாமே தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். நாம் பேசியது போதும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் படிக்கட்டும். வாம்மா, இந்த விளக்குக்குக் கீழே வந்து நில். பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படி. டீ வந்துகொண்டிருக்கிறது, உனக்கு முதல் டம்ளர்.